நாலு வீட்டுக்கு ஒரு குடை

என் கணவனுக்கு என்னை அடிக்கத் தனியாக ஆயுதம் எதுவும் தேவைப்பட்டதில்லை. கைக்கு எது அகப்பட்டாலும் போதும். பெல்ட், தோசைக் கரண்டி, டிவி ரிமோட். ரிமோட்டால் அடி வாங்கும் நாளில் எனக்கு வலியைவிட எரிச்சல்தான் அதிகம் வரும். அதன் பின்மூடி கழன்று பேட்டரி கட்டிலுக்கடியில் உருண்டு போய்விடும். அடி வாங்கிய நானே குனிந்து தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அப்போது நாங்கள் அரியலூரை அடுத்த ரெட்டிபாளையத்தில் இருந்தோம். சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரி ஓட்டினான். குடியிருந்தது லைன் வீடு. ஒரே தளத்தின் கீழே வரிசையாக நாலு குடித்தனம், எங்களுடையது கடைசி. நடுச்சுவர் எவ்வளவு கனம் என்றால், பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தால் நான் எழுந்துபோய் என் அடுப்பை அணைப்பேன். அந்தச் சுவருக்கு அப்பால் நான் அலறியது கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கேட்டது. கேட்டதும் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள்.

அந்த டிவிகள் ஓடியதே அவன் புண்ணியத்தில்தான். கேபிள்காரரோடு வாய்த்தகராறு வந்து, அவர் வயரை அறுத்துவிட்டுப் போன மறுநாள், பெரம்பலூரில் ஒரு கடையிலிருந்து யாரோ பயன்படுத்திக் கழித்த செட்டாப் பாக்ஸ் ஒன்றை வாங்கி வந்தான். சந்தா கிடையாது, இலவசமாக வானத்திலிருந்து வரும் சேனல்கள் மட்டும் தெரியும். மாடியில் முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன டிஷ் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. குடை என்றுதான் சொல்வோம். அதை நிமிர்த்தி, செங்கல் வைத்து முட்டுக்கொடுத்து, தென்கிழக்கே திருப்பினான். கீழேயிருந்து நான், "வந்துருச்சு, ஐயோ போயிருச்சு" என்று கத்த, மேலேயிருந்து அவன் என் பரம்பரையையே இழுத்துத் திட்ட, ஒருவழியாகப் படம் நின்றது.

பார்த்துவிட்டு மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் கேட்டார்கள். அவர்களுக்கும் பழைய பாக்ஸ் தேடி வாங்கி வந்தான். குடை ஒன்றுதான். அதன் வயர் எங்கள் அடுப்படி ஜன்னலுக்கு வெளியே ஒரு சின்ன டப்பாவில் வந்து சேரும், அங்கிருந்து நாலாகப் பிரிந்து நாலு வீட்டுக்கும் போகும். அன்றிலிருந்து அவன் லைனுக்கே மகராசன். "தம்பி இல்லன்னா நமக்கெல்லாம் ஏது டிவி" என்று முதல் வீட்டு அம்மா வாயாரச் சொல்லும். இரண்டாம் வீட்டு அண்ணன் அவனைப் பார்த்தால் பீடியைக் கீழே போட்டுவிடுவார். அப்படிப்பட்டவனைப் போய், ஏன்டா பெண்டாட்டியை அடிக்கிறாய் என்று யார் கேட்பார்கள்?

எங்களை ஒட்டிய மூன்றாம் வீட்டில் லப்பைக்குடிக்காட்டு முஸ்லிம் அக்கா ஒருத்தி இருந்தாள். கணவர் சவூதியில். அவளுடைய அண்ணன் ரெட்டிபாளையத்தில் துணிக்கடை வைத்திருந்ததால் இங்கே குடிவந்தவள். அவளுக்கு வந்த பாக்ஸின் மேல் பழைய சொந்தக்காரர் ஒட்டிய முருகன் ஸ்டிக்கர் இருந்தது. அக்கா அதைக் கிழிக்கவில்லை. மேலே ஒரு பூப்போட்ட துணியை மடித்துப் போட்டு வைத்தாள். எனக்கு அவளைப் பிடிக்கும். ஆனால் நான் அலறினால் அவளும் சத்தத்தைக் கூட்டத்தான் செய்தாள். வீட்டில் சின்னப் பெண் இருக்கிறது, கேட்டால் பயந்துவிடும் என்று ஒருநாள் குழாயடியில் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

இலவசத்தில் வரும் தமிழ்ச் சேனல் குறைவு என்பதால் எல்லா வீட்டிலும் ஒரே படம்தான் ஓடும். நான் அடி வாங்கும்போது மூன்று வீட்டிலிருந்தும் ஒரே பாட்டு, ஒரே நேரத்தில். அவனுக்கும் அது பழகிப்போனது. முதல் அடியை மெதுவாக அடிப்பான். மூன்று வீட்டிலும் சத்தம் ஏறும்வரை கொஞ்சம் பொறுப்பான். அப்புறம்தான் கையை ஓங்குவான்.

அன்றைக்கு நான் கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. தா.பழூரில் என் தம்பி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் வீட்டு வரிசை தனி, அத்தைக்காரி நான் வெறுங்கையோடாவது போய் நிற்க வேண்டாமா? "போயிட்டு மறுநாளே வந்துடறேன்" என்றேன். அவன் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வெளியே இன்னும் வெளிச்சம் போகவில்லை. எச்சில் கையாலேயே அறைந்தான். காதுகுத்துக்குப் போகிறேன் என்றவளுக்குக் காதிலேயே கிடைத்தது.

உள்ளே ஏதோ பிய்ந்த மாதிரி இருந்தது. அப்புறம் ஒரே இரைச்சல். கழுத்தில் சூடாக வழிந்தது குழம்பா ரத்தமா என்று பார்க்கக்கூட முடியவில்லை. கதவைத் தாழ்போட்டான். பக்கத்து வீடுகளில் பாட்டு ஏறியது. மயிரைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்து, ஜன்னலோரம் சாய்த்து, இரண்டு கையாலும் கழுத்தை இறுக்கினான். எத்தனையோ முறை அடித்திருக்கிறான், கழுத்தில் கை வைத்தது அன்றைக்குத்தான். கண்ணைப் பார்த்தேன். விடமாட்டான் என்று தெரிந்தது. இன்றைக்கு நான் செத்துவிடுவேன், மூன்று வீட்டுக்காரர்களும் படம் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்ததும் எனக்கு வந்த ஆத்திரம் அவன்மேல்கூட இல்லை, அந்தப் பாட்டின் மேல்.

கையை ஜன்னல் கம்பி வழியாக வெளியே நீட்டினேன். டப்பா தட்டுப்பட்டது. குடையிலிருந்து வரும் வயரைப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தேன்.

நாலு வீட்டிலும் டிவி நின்றது. அவனே திகைத்துப் போய்க் கையைத் தளர்த்தினான். அந்த நிசப்தத்தில் நான் அலறினேன். அதற்கு முன்னால் அலறியதெல்லாம் பாட்டுக்கு நடுவே அலறியது. அன்று அலறியது ஆலை கேட் வரை கேட்டிருக்கும்.

கதவு தட்டப்பட்டது. இரண்டாம் வீட்டு அண்ணன். "தம்பி, படம் நின்னுபோச்சு. குடை ஆடிருச்சா என்னன்னு கொஞ்சம் பாரேன்."

வேறு எதற்குத் தட்டியிருந்தாலும் திறந்திருக்க மாட்டான். டிவி என்றதும் மகராசனுக்குக் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போனது. வாசலில் மூன்று வீட்டு ஆட்களும் நின்றார்கள். என் கழுத்தையும் ரவிக்கையில் இறங்கிய ரத்தத்தையும் பார்த்தார்கள். அண்ணன் தரையைப் பார்த்தார். முதல் வீட்டு அம்மாதான் வாய் திறந்தது. "புருஷன் பொஞ்சாதி சண்ட எல்லா வூட்லயும் இருக்கறதுதாம்மா. அதுக்காக வயரப் புடுங்கலாமா? மாட்டி வுட்ருங்க."

அவன் என்னிடம் வரவில்லை. நேரே வெளியே போய், ஜன்னலோரம் நின்று, வயரைத் துடைத்துப் பொறுமையாக மாட்டினான். என் கழுத்தை நெரித்த அதே கை, ஒரு நடுக்கமும் இல்லை. சத்தம் திரும்பி வந்தது. முதல் வீட்டு அம்மா போனது. அண்ணனும் போனார். நாய்க்குக்கூட இப்படி நடக்கக்கூடாது என்று எனக்கு அழுகை பொங்கியது.

லப்பைக்குடிக்காட்டு அக்காவும் உள்ளே போனாள். பாவி, நீயுமா என்று நினைத்தேன். ஆனால் அவள் வீட்டில் பாட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் புர்கா போட்டுக்கொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"கெளம்பும்மா. மொதல்ல ஆஸ்பத்திரி. அப்புறம் ஒன் தம்பி வூட்டுக்குக் கொண்டுபோயி வுடறேன்."

அவன் வாசலை மறித்தான். "நான் குடுத்த டிவியப் பாத்துட்டு எனக்கே எதுத்து நிக்கிறியா?"

"ஒன் பாக்ஸ எங்க வாசல்ல வச்சிருக்கேன். எடுத்துக்க" என்றாள் அக்கா.

பாய்ந்து போய் அதை எடுத்தான். பூப்போட்ட துணி கீழே விழுந்தது. எங்கள்மேல் வீசினான். பாக்ஸ் அக்காவின் தோளில் பட்டுத் தெருவில் விழுந்து மூடி பெயர்ந்தது. "யா அல்லாஹ்" என்று ஒரு முனகல்தான். என் கையை அவள் விடவில்லை. பஸ் வரும்வரை அந்தத் தோளை நீவிக்கொண்டே நின்றாள், நான் என் முந்தானையைக் காதில் பொத்திக்கொண்டு நின்றேன்.

இப்போது பெரம்பலூரில் தனியாக இருக்கிறேன். நானும் ஒரு பழைய பாக்ஸ்தான் வாங்கி வைத்திருக்கிறேன். குடை மொட்டைமாடியில் இருக்கிறது, மேல் வீட்டு வழியாகத்தான் ஏற வேண்டும். இடது காது கேட்காது. "ஒனக்குத்தான் கேக்காதே, சத்தத்தக் கூட்டி வச்சுப் பாரேன்" என்பார்கள் வருகிறவர்கள். நான் கூட்டுவதில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம், மேல் வீட்டில் பாத்திரம் விழும் சத்தமும் தொடர்ந்து ஒரு பெண்ணின் குரலும் கேட்டது. டிவியை அணைத்தேன். படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன். யாரது என்று ஒரு ஆண்குரல் அதட்டியது.

"கீழ் வூட்லேருந்து வரேங்க. டிவில படம் வரல, குடை ஆடிருச்சான்னு பாக்கணும். கொஞ்சம் கதவத் தொறங்க" என்றேன்.

திறந்தான்.