இருங்கோ என்று சொல்லாத குரல்

பொய் சொன்னது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு பிள்ளை என் மேசைக்கு முன்னால் நின்று, "நீங்கள் பாத்தனீங்கள்தானே அக்கா?" என்று கேட்டாள். நான், "ஓம், பாத்தனான்" என்றேன். பார்க்கவில்லை.

யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கணினிச் சேவை நிறுவனத்தின் கிளையில் நான் மனிதவளப் பகுதி. பகுதி என்றால் அப்போது நான் ஒருத்திதான். ஒரு மேசை, இரண்டு அலுமாரி, ஒரு யன்னல். மதியம் கழிந்தால் அந்த யன்னல் வழியாக வெயில் நீளமாக வந்து மேசையில் படுத்துக்கொள்ளும். மின்விசிறி சுற்றுகிற சத்தத்தில் கடதாசிகளும் மனிதர்களும் தூரத்தில் இருக்கிற மாதிரித் தோன்றும். அந்த அரைமயக்கத்தில்தான் நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

எதற்குக் கையெழுத்து என்று சொல்ல வேண்டும். கொழும்புத் தலைமை அலுவலகம் ஒரு மென்பொருளை வாங்கியது. வேலைக்கு விண்ணப்பிக்கிறவர் தன் வீட்டுக் கணினியைத் திறந்தால், பதிவு செய்த ஒரு பெண் குரல் வணக்கம் சொல்லி ஏழு கேள்விகள் கேட்கும். கமரா படம் பிடிக்கும். மென்பொருள் முகத்தையும் கண்ணையும் பேச்சையும் பார்த்துப் புள்ளி போடும். புள்ளி குறைந்தவர்களுக்கு வருத்தக் கடிதம் தானாகப் போகும். அந்தக் கடிதத்தின் கடைசி வரி, "உங்கள் பதிவை எமது மனிதவள அலுவலர் ஒருவர் முழுமையாகப் பார்வையிட்டார்." அந்த அலுவலர் நான். கிழமைக்கு ஒரு பட்டியல் வரும். அடியில் "பார்வையிட்டேன்" என்று இருக்கும். போட்டேன். ஒரு பதிவு இருபது நிமிடம் ஓடும். பட்டியலில் முப்பது நாற்பது பேர். யார் பார்ப்பது?

மனிதவள முகாமைத்துவம் படித்தவள் நான். தொழில் ஒழுக்கம் என்று தனிப் பாடமே இருந்தது. அதில் எனக்கு ஏ. விண்ணப்பதாரியிடம் உண்மை பேசுவது பற்றி இரண்டு பக்கம் எழுதினேன் என்று ஞாபகம். நல்ல கையெழுத்தில்.

அந்தப் பிள்ளை பருத்தித்துறையிலிருந்து வந்திருந்தாள். முப்பதுக்குக் கொஞ்சம் குறைந்த வயது. அங்கே மீனவர் சங்கம் ஒன்றில் எழுதுவினைஞர். தற்காலிக வேலை, வருடக் கடைசியோடு முடிகிறது. எங்களிடம் எனக்கு உதவியாளராக ஒரு வெற்றிடம் விழுந்திருந்தது. அதற்குத்தான் விண்ணப்பித்திருந்தாள். ஒருவருக்கு இரண்டு தரம்தான் அனுமதி. முதல் தரம் வருத்தக் கடிதம் போய்விட்டது.

"வேலை தாங்கோ எண்டு கேட்டு வரேல்லை அக்கா. எங்கை பிழைவிட்டனான் எண்டு சொன்னால் காணும். இன்னும் ஒருக்காத்தான் ஏலும். திருத்திப்போட்டுச் செய்வன்."

"எல்லாருக்கும் உப்பிடிச் சொல்லிக்கொண்டிருக்க ஏலாது, பிள்ளை."

"கடிதத்திலை ஒராள் பாத்ததெண்டு கிடக்கு. அந்த ஆள் ஆரெண்டு வாசல்லை கேட்டனான். நீங்கள்தானாம். பாத்தனீங்கள்தானே அக்கா?"

"ஓம், பாத்தனான்."

"அப்ப சொல்லுங்கோவன்."

எனக்குப் பசி. சாப்பாட்டுப் பெட்டி திறந்தபடி கிடந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மறுமொழி நீண்டுபோச்சு. சுருக்கிச் சொல்லோணும்."

கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து அதை எழுதினாள். எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"எவ்வளவு சுருக்க வேணும்?"

"ஒரு வசனம் காணும்."

அதையும் எழுதினாள். நன்றி சொல்லிவிட்டுப் போனாள். வந்ததிலிருந்து போகும்வரை நின்றபடிதான் கதைத்தாள். எனக்கு முன்னால் ஒரு கதிரை வெறுமையாகக் கிடந்தது. அதில் இருங்கோ என்று நான் சொல்லவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவும் இல்லை.

மூன்று கிழமை கழித்து வந்த பட்டியலில் அவள் பெயர் இருந்தது. பேனை பெயருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. வழமையாக நான் வாசிக்காத ஒரு நிரலை அன்றைக்கு வாசித்தேன். காரணம்: முகம் காணப்படவில்லை.

முகம் இல்லாமல் எப்படி ஒரு மனிசி கதைப்பாள்? பதிவைத் திறந்தேன்.

வெளிர் பச்சைச் சுவர். ஒரு நாட்காட்டியின் கீழ்ப்பாதி. ஒரு கதிரை, அதில் ஒருவரும் இல்லை. கதிரைக்கு முன்னால் நீலப் பருத்திச் சட்டையின் வயிற்றுப் பக்கம். அதன்மேல் ஒன்றின் மேல் ஒன்றாகக் கோத்த இரண்டு கைகள். அவ்வளவுதான் படம். குரல் படத்துக்கு மேலே எங்கோ இருந்து வந்தது, மாடியில் நின்று யாரோ கதைக்கிற மாதிரி. பின்னால் கடல்காற்று ஒலிவாங்கியில் ஊதிக்கொண்டிருந்தது.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றது பதிவுக் குரல்.

"நான் மீனவர் சங்கத்தில் வேலை செய்கிறேன்."

"ஒரு பிணக்கை நீங்கள் தீர்த்துவைத்த அனுபவத்தைச் சொல்லுங்கள்."

"இருவருக்கிடையில் இருந்த பிணக்கை எழுத்து மூலம் தீர்த்தேன்."

ஏழு கேள்வி, ஏழு வசனம். ஒவ்வொன்றும் முடிந்ததும் நீண்ட அமைதி. கைகள் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்தன. காகம் ஒன்று கத்தியது. குரல் நன்றி சொல்லியது. கைகள் கும்பிட்டன. முடிந்தது.

பிறகு அவளுடைய முதல் பதிவைத் தேடி எடுத்தேன். முதல் நொடியில் முகம் இருந்தது. கதிரையில் ஒழுங்காக இருந்தாள், தலையை இழுத்து வாரியிருந்தாள். பதிவுக் குரல் "வணக்கம்" என்றது. உடனே எழுந்து நின்று "வணக்கம்" என்றாள். அதோடு முகம் போய்விட்டது. பிறகு அவள் கதிரையில் இருக்கவேயில்லை. ஏனென்றால் அந்தக் குரல் "இருங்கோ" என்று சொல்லவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போனது. ஏனென்றால் நானும் நின்றிருப்பேன்.

நான் படித்தது ஒரு மிஷன் பள்ளிக்கூடம். ஆசிரியர் உள்ளே வந்தால் எழும்புவோம், "இருங்கோ பிள்ளையள்" என்ற பிறகுதான் வாங்குப் பலகையில் குந்துவோம். ஒருநாள் அதிபர் அம்மா வந்து வணக்கம் வாங்கிக்கொண்டு, இருங்கோ சொல்ல மறந்து யன்னல் பக்கம் போய்விட்டார். வெளியே மழை தொடங்கியிருந்தது. அவர் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் நாற்பது பேரும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருத்தியும் குந்தவில்லை. எவ்வளவு நேரமென்று தெரியாது. அந்த மழைச் சத்தமும் ஈரச் சுண்ணாம்பு மணமும் இன்னும் எனக்குள் கிடக்கின்றன. மணி அடித்த பிறகுதான் அவர் திரும்பி, "அட கடவுளே, ஏன் நிக்கிறியள்?" என்றார்.

இங்கே மணி அடிக்கவில்லை. அந்தப் பிள்ளை இருபது நிமிடம் நின்றிருந்தாள்.

நின்றுகொண்டு அவள் சொன்ன மறுமொழிகள்! பிணக்குப் பற்றிய கேள்விக்கு இரண்டு படகுக்காரரின் கதையைச் சொன்னாள். ஆளையாள் பல வருடம் கதைக்காதவர்கள். இருவரும் ஒரே படிவத்தில் ஒப்பமிடாவிட்டால் சங்கத்தின் மீன் வைக்கிற ஐஸ் அறையைத் திறக்க ஏலாது. இருவரையும் ஒரே வாங்கில் இருத்த அவள் முயலவில்லை. ஒருவரைக் காலையிலும் மற்றவரைப் பின்னேரமும் வரச்சொல்லி, அவரவர் சொன்னதை எழுதினாள். எழுதிப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஒரே தாளில் செப்பமாக எழுதி இருவருக்கும் தனித்தனியே வாசித்துக் காட்டினாள். இருவரும் அது தாங்கள் சொன்னதுதான் என்று ஒப்பமிட்டார்களாம். "எழுதினது ஆரின்ரை சொல் எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றாள். எழுத்துத் தமிழில் தொடங்கியவள் அந்த இடத்தில் தன் பேச்சுக்கு வந்துவிட்டாள். குரலில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பைக் கமரா காணவில்லை. கைகள் மட்டும் பிரிந்து, காற்றில் ஒரு தாளை விரித்துக் காட்டின.

இந்தப் பிள்ளையிடம்தான் ஒரு வசனம் காணும் என்று சொல்லியிருந்தேன்.

அந்தக் கிழமை முழுக்க பழைய பட்டியல்களை எடுத்து, "முகம் காணப்படவில்லை" என்று கிடந்த பதிவுகளைப் பார்த்தேன். இன்னும் நாலு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் மேலே சேட்டுப் போட்டு, கழுத்தில் ரையும் கட்டியிருந்தார். கமராவுக்குத் தெரியாதென்று கீழே சாரத்தோடு இருந்திருக்கிறார். வணக்கம் கேட்டதும் எழுந்தார். நேர்முகம் முழுவதும் ஒரு கட்டம் போட்ட சாரத்தின் முடிச்சு முகாமைத்துவக் கோட்பாடு பற்றிக் கதைத்தது. நன்றாகவும் கதைத்தது.

யாழ்ப்பாணக் கரையோரம், கொழும்புத்துறையில் என் வீடு. பின்னேரம் கரையில் நடப்பேன். அந்த நாட்களில் நீர் மட்டம் குறைவு. முழங்கால் தண்ணீரில் இறால் பிடிக்கிறவர்கள் ஆங்காங்கே நிற்பார்கள். வெயில் கண்ணில் அடிக்க அவர்களுடைய தலைகள் வெளிச்சத்தில் கரைந்துவிடும். உடம்புகள் மட்டும் அசையாமல் நிற்கும், யாரோ ஏதோ சொல்லக் காத்திருக்கிற மாதிரி. நான் வேறு பக்கம் திரும்பி நடந்தேன். அந்தப் பக்கமும் இரண்டு பேர் நின்றார்கள்.

திங்கட்கிழமை கொழும்புக்குப் போன் எடுத்தேன். எனக்கு மேல் இருக்கிறவர் என்னிலும் இளையவர். ஊர் இங்கேதான். சந்தோசமாக இருந்தால் அக்கா என்பார்.

"முகம் இல்லையெண்டு சிஸ்டம் சரியாத்தானே சொல்லியிருக்கு அக்கா."

"முகம் இருந்தது. கமராவுக்கு மேலை இருந்தது."

"சரி. உப்பிடியான பிழையளைப் பிடிக்கத்தானே உங்களை வைச்சிருக்கு. நீங்கள் பாத்ததெண்டு ஒப்பம் கிடக்கே?"

"பாக்கேல்லை."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"போனிலை உப்பிடிச் சொல்லாதேங்கோ. எல்லாக் கிளையிலையும் உப்பிடித்தான் போடினம். ஆருக்கு நேரம்?"

"அவைக்கு நேரமில்லாட்டி அது அவையின்ரை பாடு. இந்தப் பிள்ளைக்கு ரெண்டு தரமும் முடிஞ்சுது. முதல்தரம் என்ரை ஒப்பத்தாலை போச்சு, ரெண்டாந்தரம் என்ரை பொய்யாலை போச்சு. மூண்டாந்தரம் குடுக்கோணும்."

"அதுக்கு நீங்கள் பொய் ஒப்பம் போட்டனீங்கள் எண்டு எழுத்திலை வேணும். யோசியுங்கோ. உங்கடை பைலிலை ஏறும்."

"எழுதித் தாறன்."

நின்ற மற்ற நாலு பேரையும் சேர்த்து அன்றைக்கே எழுதினேன். அரைப் பக்கம் வந்தது. பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியவளுக்கு உண்மை அவ்வளவுதான் நீளம்.

சனிக்கிழமை பருத்தித்துறைக்கு பஸ் எடுத்தேன். சங்கக் கட்டிடம் மீன் சந்தைக்குப் பின்னால் இருந்தது. அவள் தனியே மேசையில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள்.

"வாங்கோ அக்கா. வேலை விசயமோ?"

"நான் உம்மடை பதிவைப் பாக்கேல்லை, பிள்ளை. முதல்தரம் பாக்கேல்லை. பாத்தனான் எண்டு பொய் சொன்னனான். மறுமொழி நீளம் எண்டதும் பொய். நீர் எழும்பி நிண்டதாலை முகம் கமராவிலை விழேல்லை. அதுதான் காரணம். வேறை ஒண்டுமில்லை."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கதிரையில் இருந்தாள். நான் சொல்லவில்லை, அவளாகவே இருந்தாள். என்னை இருக்கச் சொல்லவில்லை. நான் நின்றேன்.

"நான் அந்த ஏழு வசனத்தையும் ஒரு கிழமையாப் பாடமாக்கினனான்" என்றாள். "கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு."

மேசையில் கிடந்த பேனையை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

"கொஞ்சம் சுருக்கிச் சொல்லியிருக்கலாம் எண்டு வேறை யோசிச்சன். ஒரு வசனம் கூடிப்போச்சோ எண்டு."

யன்னலுக்கு வெளியே கடல் வெள்ளையாகக் கிடந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனென்று தெரியாது. காகிதங்கள் காற்றில் எழுந்து எழுந்து அமர்ந்தன. அவள் ஒரு படிவத்தை இழுத்து எழுதத் தொடங்கினாள். கொழும்புக்கு எழுதியிருக்கிறேன், மறுமொழி வரும், வராமலும் விடலாம் என்று சொன்னேன்.

"சரி" என்றாள், தலை நிமிராமல். ஒரு சொல். அதைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

மறுமொழி வந்தது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். நின்ற ஐந்து பேருக்கும் மீண்டும் நேர்முகம். இந்தத் தரம் கொழும்பிலிருந்து மூன்று பேர் திரையில் நேரே கதைப்பார்கள், விண்ணப்பதாரி எங்கள் அலுவலகத்துக்கு வர வேண்டும்.

அவள் அதே நீலச் சட்டையோடு வந்தாள். கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ" என்றேன். தாமதமாக வந்த சொல். அவள் கதிரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நான் நிண்டே கதைக்கிறன்."

அலுமாரியடிக்குப் போனேன். கடதாசிப் பெட்டிகள் இரண்டைத் தூக்கி வந்து மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றின் மேல் மடிக்கணினியை வைத்தேன். போதவில்லை. சேவை விதிகள் என்று தடித்த கோவை ஒன்று கிடந்தது, அதையும் வைத்தேன். கமரா அவளுடைய கண்ணுக்கு நேரே வந்தது.

திரையிலிருந்து வணக்கம் சொன்னார்கள். படகுக்காரர் கதையைக் கேட்டார்கள். அவள் முழுவதையும் சொன்னாள், காலையும் பின்னேரமும் ஐஸ் அறையும் தாளும். கைகள் தாளை விரித்தன. இந்தத் தரம் கைகளுக்கு மேலே முகம் இருந்தது.

வேலை கிடைத்தது. இப்போது எனக்கு எதிர் மேசையில் இருக்கிறாள். அக்கா என்று அவள் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. மிஸ் என்கிறாள். பட்டியல் வருகிற நாளில் பின்னேர வெயில் இரண்டு மேசைக்கும் நடுவில் கிடக்க, நாங்கள் இருவரும் ஒவ்வொரு பதிவாகப் பார்ப்போம். இருபது நிமிடம் என்றால் இருபது நிமிடம். சில நேரம் திரையில் வணக்கம் கேட்டதும் ஒருவர் எழும்புவார், முகம் மேலே போய்விடும். அவள் பேனையை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள்.

நான் கொழும்புக்குப் போன் எடுப்பேன்.