விளம்பரம் மாட்டப் போன மரம்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கொழும்பில் பல கடைகளில் வேலை பார்த்து, எங்கும் நிலைக்காமல், கடைசியில் மலையகத்து லிந்துலையில் போன் பழுதுபார்க்கும் சிறு கடை போட்டேன். விளம்பரத் துண்டுகள் கொடுக்க, பஸ் நிலையத்தில் மூட்டை தூக்கும் ராஜு அண்ணனைக் கூலிக்கு அழைத்துக்கொண்டு ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன்.

பகல் நேரம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஆளில்லை, எல்லோரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாதையோர மரத்தில் ஒரு துண்டை ஆணியடித்து வைத்தால் திரும்பி வரும்போது பார்ப்பார்கள் என்று நான்தான் சொன்னேன். அந்த மரத்தைச் சுற்றி மட்டும் தேயிலை பறிக்கப்படாமல் வளர்ந்து கிடந்தது. எனக்கு அது உறைக்கவில்லை. அண்ணன் ஆணியைக் கல்லால் ஓங்கி அடித்தார்.

“யோவ், அடிக்காதய்யா! மேல குளவிக்கூடு தெரியல?” என்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா கத்திக்கொண்டு ஓடி வந்தார். அதற்குள் குளவிகள் கிளம்பிவிட்டன. நான் ஓடினேன். அண்ணன் தடுக்கி விழுந்தார். அக்கா தன் இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்குத் துணியை அவிழ்த்து அவர்மேல் போர்த்தி, “அசையாம கெடங்க!” என்று சொல்லிவிட்டு, தேயிலைக்கடியில் முகத்தைப் புதைத்துப் படுத்துக்கொண்டார்.

அண்ணன், அக்கா இருவருக்கும் கொட்டு. தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்னும் கொஞ்சம் கொட்டியிருந்தால் அண்ணன் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர்.

“அந்த மரத்துப் பக்கம் நாங்க கொழுந்தே எடுக்கிறதில்ல. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?” என்றார் அக்கா, வீங்கிய கண்ணோடு.

இப்போது மரத்தில் எதையும் அடிப்பதில்லை. வேலை முடிந்து ஆட்கள் லயத்துக்குத் திரும்பிய பிறகே போகிறேன். “எந்தப் பக்கம் போகக்கூடாதுங்க?” என்று முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் ராஜு அண்ணனை அனுப்புகிறேன்.