சந்தனம் பூசிய சென்சார்

தெப்ரா என்ற ஊரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில், தகரம் வெட்டும் பிரஸ் மெஷினில் ஓர் அக்கா இருந்தார். ஒல்லியான உடம்பு, முழங்கை வரை கையுறை. அந்த மெஷினின் வாயோரம் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடும்; கை குறுக்கே போனால் சென்சார் அதைக் கண்டு மெஷினை நிறுத்திவிடும். பச்சை விளக்கு எரிந்தாலும் அக்கா நம்பமாட்டார். முதலில் ஓர் அட்டையை உள்ளே நீட்டிப் பெடலை மிதிப்பார். மெஷின் அசையாமல் நின்றால்தான் கையை விடுவார். எங்களுக்கு அது சிரிப்பு.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் சிவப்பு விளக்கு எரிந்தது, மெஷின் ஓடவில்லை. மதியம் சரக்கு ஏற்ற லாரி வந்துவிடும். லைன் லீடர் பொறுமையிழந்து, சாவியைத் திருப்பி சென்சாரையே அணைத்துவிட்டார்.

"இப்ப ஓடும்க்கா. போடுங்க லா."

அக்கா அட்டையை நீட்டிப் பெடலை மிதித்தார். மெஷின் இறங்கியது. அட்டை இரண்டாக விழுந்தது.

அக்கா குனிந்து சென்சாரைப் பார்த்தார். அதன் கண்ணாடி மேல் முந்தின நாள் நாங்கள் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. கையுறையைக் கழற்றி, விரலால் வழித்தார்.

"சாமிக்கு வச்சதுக்கா அது," என்றார் லீடர்.

"கண்ண மூடி வச்சிட்டு காப்பாத்துன்னா, சாமி எப்படிய்யா காப்பாத்தும்? சாவிய திருப்புங்க."

வழித்த சந்தனத்தைத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார். லீடர் சாவியைத் திருப்பியதும் பச்சை விளக்கு எரிந்தது.

அக்கா கீழே கிடந்த பாதி அட்டையை எடுத்து, மறுபடியும் உள்ளே நீட்டினார்.