பொட்டு வைக்காத மெஷின்

சமையலறையிலிருந்து ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம் கிளம்பியது. பல்வலிக்காரரின் முனகல் போலத் தொடங்கி, உச்சத்துக்குப் போய், நடுவில் ஒரு விக்கல் விக்கி, மறுபடியும் உச்சத்துக்கே போனது. கூடத்தில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் சந்தனக் கிண்ணத்தில் கையை வைத்திருந்த கலியபெருமாள் அப்படியே உறைந்து போனார்.

“ஏ அமுதா! நல்ல நாளும் அதுவுமா அந்தச் சனியன எடுக்காதன்னு சொன்னனா இல்லியா?”

“வெளக்கு தொலக்கறன்யா!” உள்ளேயிருந்து அமுதவல்லியின் குரல் மெஷினையும் மீறிக்கொண்டு வந்தது. “புளி போட்டுத் தேச்சா கை போவுது. வாணாம்னா உன் ஜப்பான்காரன குடு, அதுல தொலக்கறன்.”

கலியபெருமாள் நெஞ்சில் கை வைத்தார். சட்டையில் ஐந்து விரலும் சந்தனமாகப் பதிந்தன. ஆயுத பூஜைக்கு முதல் பொட்டு அவருக்கே விழுந்தது.

தட்டாஞ்சாவடியில் தொழிற்பேட்டைச் சுவரை ஒட்டிய சந்தில், முன்னால் தகரக் கொட்டகையும் பின்னால் ஓட்டு வீடுமாக நிற்கிறது இவருடைய ராஜ்ஜியம். ஒரு காலத்தில் மில்லில் நூல் சுற்றியவர். மில் படுத்துவிட்ட பிறகு கார்களுக்குப் பாலீஷ் போடும் தொழிலுக்கு வந்தார். ஒல்லி உடம்பு; இடது தோளில் எப்போதும் ஒரு மெத்தென்ற துணி. வியர்வை ஆறாக ஓடினாலும் அந்தத் துணியால் முகத்தைத் துடைக்க மாட்டார். “இது காருக்கு. மூஞ்சிக்கு இன்னா, சட்ட இருக்குது” என்பார்.

உலகத்தை அவர் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார். ஒன்று ஒரிஜினல், இன்னொன்று டூப்ளிகேட்டு. சோப்பு வாங்கினால் கையில் தூக்கி எடை பார்ப்பார். தலைவலி மாத்திரையை முகர்ந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சந்தேகம் தீர்ந்த பிறகுதான் விழுங்குவார். அதற்குள் பாதித் தலைவலி தானாகப் போய்விடும். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில், பையனின் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொல்லிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “சரிப்படாது” என்று கேசரியைக்கூடத் தொடாமல் எழுந்து வந்தவர். அந்தப் பையன் இப்போது பிரான்சில் இருக்கிறான். இதை அமுதவல்லி மாதம் ஒரு முறையாவது நினைவுபடுத்துவார்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் சென்னைக்குப் போய், கடைக்காரரோடு ஒரு பகல் முழுவதும் மல்லுக்கட்டி, அந்த ஜப்பான் பாலீஷ் மெஷினை வாங்கினார். திரும்பும் பஸ்ஸில் அதைத் துணியில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தார். பக்கத்து சீட்டு அம்மாள், “கொழந்தைக்கு மூச்சு முட்டப் போவுது, மூஞ்சிய தொறந்து வுடுப்பா” என்றாராம். பேரனுக்கு எடுத்த கம்பளி இன்று அதன் மேல்தான் கிடக்கிறது. வாரண்டி அட்டையை லேமினேட் செய்து சாமி படங்களுக்கு நடுவே மாட்டியிருக்கிறார். வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. கேட்டால், “சாமிக்கு மட்டும் வாரண்டி இருக்குதா?” என்பார்.

அமுதவல்லியின் மெஷினுக்கு இப்படிப்பட்ட வரலாறு கிடையாது. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமை சந்தையில், ஜீன்ஸ் பேன்ட் குவியலுக்கும் பிளாஸ்டிக் வாளிகளுக்கும் நடுவே தரையில் கிடந்தது. அதே பச்சை நிறம், அதே உருவம், நெற்றியில் அதே ஜப்பான் பெயர். வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒன்று முதல் ஆறு வரை எண் போட்ட திருகுகூட உண்டு. எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகம்தான். அது தலைதெறிக்கும் வேகம். கலியபெருமாள் அதைக் கொட்டகைக்குள் விடவில்லை. அமுதவல்லியும் கவலைப்படவில்லை. அண்டா, குண்டா, குத்துவிளக்கு என்று சந்து முழுக்க உள்ள பித்தளையைத் தங்கமாக்கிக் கொண்டிருக்கிறார்.

“பேரு ஒண்ணா இருந்தா ஆச்சா?” என்று கலியபெருமாள் பொங்குவார். “எம் பேர்லயும்தான் பெருமாளு இருக்குது. எவனாவது எனக்குப் படையல் போடறானா?”

“நான்தான் மூணு வேள போடறனே.”

அன்று காலையிலும் சண்டை வந்தது. விளக்குத் துலக்கி முடித்த மெஷினை அமுதவல்லி முந்தானையால் துடைத்து, கொண்டுவந்து ஜப்பான் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தார். கலியபெருமாள் அதன் ஒயரை, செத்த எலியின் வாலைப் பிடிப்பது போல இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார்.

“இதுக்கும் ஒரு பொட்டு வெய்யேன். அதுவும் உழைக்குதுல்ல?”

“இது ஆயுதமே இல்லடி. பொம்ம. பொம்மைக்கெல்லாம் பொட்டு வெச்சா சரஸ்வதி சிரிக்கும்.”

“இப்பவே சிரிச்சிகிட்டுதான இருக்குது படத்துல.”

டூப்ளிகேட்டு சமையலறை வாசலில் போய் விழுந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் பொட்டு ஏறியது. ஜப்பான் மெஷினுக்கு மாலை. பஞ்சு, பிரஷ், ஸ்பேனர், ஏணி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பொட்டு வைத்த கருவியை மறுநாள் காலை வரை யாரும் தொடக் கூடாது. இந்த விஷயத்தில் அவர் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார். அரிவாள்மணையும் பூஜையில் உட்கார்ந்துவிட்டதால், அன்று மதியச் சாம்பாருக்கு முருங்கைக்காயை அமுதவல்லி கையால் ஒடித்துத்தான் போட்டார். தட்டாஞ்சாவடி முழுவதும் அன்று அப்படித்தான். லேத்துகள் மாலை போட்டுக்கொண்டு தூங்கின; பட்டறைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன.

பூஜைப் பொரிகடலை வாங்க வந்த அக்கம்பக்கத்தார் நாங்கள் கொட்டகையில் உட்கார்ந்து கொறித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கறுப்புக் கார் இரண்டு வாழைக்கன்றுகளை மீசை போல ஆட்டிக்கொண்டு வந்து நின்றது. அதிலிருந்து முருகையன் இறங்கவில்லை, விழுந்தான்.

“அண்ணே! என் சோத்துல மண்ணு வுழுந்துடுச்சிண்ணே!”

கடற்கரைப் பக்கத்தில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சொல்தா வீட்டில் அவன் டிரைவர். முதலாளியை முசியே என்றுதான் சொல்வான். முசியே பிரான்சுக்குப் போயிருந்தார். அன்று இரவு விமானத்தில் சென்னைக்கு வந்து இறங்குகிறார். இவன் இன்னும் சற்று நேரத்தில் கிளம்பிப் போய் அழைத்து வர வேண்டும்.

“‘என் வண்டிய மாட்டுப் பொங்கலு மாடு ஆக்கி வெக்காத’ன்னு சொல்லிட்டுத்தாண்ணே போனாரு. மனசு கேக்குதா? ஒரு டிரைவரு ஆயுத பூஜைக்கு வண்டிய மொட்டையா வுட முடியுமா? கட்டுக்கம்பி போட்டு வாழக்கன்னு கட்டனேன். கம்பியோட வாலு நீட்டிகிட்டு இருந்துருக்குது. இங்க பாருங்க!”

முன்சக்கரத்துக்கு மேலே, கண்ணாடி போன்ற கறுப்பில், ஒரு முழ நீளத்துக்கு இரண்டு வெள்ளைக் கோடுகள். அந்தக் கோடுகளுக்கு நடுவில்தான் அந்த ஏழையின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது.

“எனக்கு முன்ன இருந்த டிரைவரு கதவுல சின்னதா ஒரு சொட்ட வுட்டான். அன்னிக்கே சாவிய வாங்கிட்டாரு. எனக்கு ரெண்டு தங்கச்சிங்கண்ணே!”

“ஒருத்திக்குத்தான் போன மாசம் கல்யாணம் ஆயிடுச்சே,” என்றார் அமுதவல்லி. “நான் வந்து சாப்ட்டுட்டுப் போனனே.”

“அப்ப ஒரு தங்கச்சி அண்ணி!” என்று அழுதான்.

கலியபெருமாள் குனிந்து, கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் எங்கும் தடுக்கவில்லை. “மேலாப்புலதான். போவும்” என்றார். முருகையனின் முகம் மலர்ந்தது. மறு நொடியே கலியபெருமாளின் முகம் சுருங்கியது. கூடத்தில் ஜப்பான் மெஷின் மாலையும் பொட்டுமாக வீற்றிருந்தது.

“நாளைக்குக் காலையில வா.”

“நாளைக்கு எனக்கு வேலையே இருக்காதுண்ணே! மெஷின எடுங்கண்ணே, சாமிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறன்.”

“என்ன வெட்டிப் போட்டாலும் எடுக்க மாட்டன்.”

“வெட்றதுக்கும் முடியாதே,” என்றார் அமுதவல்லி. “அருவாமணையும் பூஜையில இருக்குது.”

“கையால தேச்சா போவாதாண்ணே?”

“போவும். அடுத்த ஆயுத பூஜைக்குப் போவும்.”

முருகையன் வாழைக்கன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நாங்கள் பொரியைக் கீழே வைத்தோம். அமுதவல்லி எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது தோளில் ஒயரும், இடுப்பில் குடம் போல டூப்ளிகேட்டுமாக வந்தார்.

“இதுக்குத்தான் நீ பொட்டு வெக்கலியே. இது ஆயுதமே இல்ல, பொம்மன்னு காலையில சொன்ன. பொம்மைய வெச்சி வெளையாடறதுக்கு எந்தச் சாமிய்யா கோவிச்சிக்கும்?”

ஒரு பக்கம் இத்தனை வருஷமாகக் கட்டிக்காத்த மானம். மறுபக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நிற்கும் முருகையன். கலியபெருமாள் சரஸ்வதியைத் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து உதவி எதுவும் வரவில்லை.

“நான் தொட மாட்டன் இத.”

“நீ தொட வாணாம். நான் ஓட்டறன். அண்டா தொலக்கன கைதான?”

அமுதவல்லி சுவிட்சைத் தட்டினார். மெஷின் அலறியது. அலறிக்கொண்டே அந்தக் கறுப்புப் பெயின்ட்டை நோக்கிப் பாய்ந்தது. கலியபெருமாள் தாண்டிக் குதித்தார்.

“அய்யோ, பெயிண்டு தீஞ்சி பூடும்டி! குடு இப்பிடி!”

பிடுங்கிவிட்டார். கையில் டூப்ளிகேட்டு இருப்பது அதற்குப் பிறகுதான் அவருக்கே உறைத்தது. “வண்டிய உள்ள தள்ளு. கதவ சாத்து. தெருவுல எவனாவது பாத்துத் தொலைக்கப் போறான்” என்றார். கார் கொட்டகைக்குள் வந்தது. தகரக் கதவு சாத்தப்பட்டது. எங்களையும் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார். திரும்பினோம். பிறகு ஒவ்வொருவராகத் தலையை மட்டும் மெஷின் பக்கம் திருப்பிக்கொண்டோம்.

கோட்டின் மேல் பாலீஷ் பசையைத் தொட்டுத் தொட்டு வைத்தார். மெஷினின் பெயர் தன் கண்ணில் படாதபடி திருப்பிப் பிடித்தார். வேகத்தைக் குறைக்க வழியில்லாததால், கொதிக்கிற தோசைக்கல்லில் விரல் வைத்து எடுப்பது போல, தொட்டார், எடுத்தார், தொட்டார், எடுத்தார். வாய் மட்டும் ஓயவில்லை.

“மெதுவா போடி... இன்னா அவசரம்? எவன் வூட்டு எழவுக்கு ஓடற? உன்னப் பெத்தவன் எவன்டி? இந்தப் பக்கம்... இந்தப் பக்கம்னா இந்தப் பக்கம்...”

நடுவில் கருகிய வாடை வந்தது. நிறுத்தினார். காற்றுப் போகும் ஓட்டைகளில் வாயை வைத்து ஊதினார். மறுபடியும் ஊதினார்.

“டீ வேணுமான்னு கேளு,” என்றார் அமுதவல்லி.

“வாய மூடுடி. மூச்சு வாங்குது பாவம்.”

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர் போலச் சட்டென்று நிமிர்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் வேலை அங்கேயே நின்றிருக்கும்.

ஒரு கோடு போனது. பிறகு மற்றது. தோளில் கிடந்த துணியை எடுத்துத் துடைத்தபோது, அந்தக் கறுப்பில் கொட்டகை முழுவதும் தெரிந்தது. நடுவில், கையில் டூப்ளிகேட்டோடு கலியபெருமாள். அந்த உருவத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“போச்சிண்ணே!” முருகையன் அவர் காலில் விழப் போய், குறி தவறி மெஷினின் ஒயரில் விழுந்தான். “டூப்ளிகேட்டுன்னா சும்மாவாண்ணே!”

“கோடு மெஷினால போவலடா. என் கையால போச்சி.”

“ஆமாமா,” என்றார் அமுதவல்லி. “அந்தக் கை காலையிலேர்ந்து கூடத்துல சும்மாதான் ஒக்காந்துருந்துச்சி. இந்த மெஷினு வர்ற வரைக்கும் கோடுதான் போவாம காத்துகிட்டு இருந்துச்சி.”

கம்பியைக் கையாலேயே பிரித்து வாழைக்கன்றுகளை இறக்கினார்கள். முருகையன் வண்டியைப் பின்னால் எடுத்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். அழுத கண் இன்னும் காயவில்லை. அதற்குள் முகம் முழுக்கச் சிரிப்பு.

“அண்ணே, ஸ்டாண்டுல என்ன மாதிரியே கம்பி கட்டிக் கீறி வெச்சிகிட்டு ரெண்டு பேரு நிக்கறானுங்க. போற வழியில சொல்லி அனுப்பறன். ஊர்லயே இன்னிக்குப் பொட்டு வெக்காத மெஷினு உங்ககிட்ட மட்டும்தான் இருக்குதுன்னு சொல்லிடறன்!”

“டேய்! எவன்கிட்டயும் மூச்சு வுடாத! டேய் முருகையா!”

கார் சந்து முனையைத் தாண்டிவிட்டது. கலியபெருமாள் தகரக் கதவை இழுத்துச் சாத்தினார், தாழ்ப்பாளைப் போட்டார். கூடத்துக்கு வந்து, இன்னும் சூடு ஆறாத மெஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குங்குமத்தில் கட்டைவிரலைத் தோய்த்து, அதன் நெற்றியில் ஓங்கி ஒரு பொட்டு வைத்தார்.

“இன்னாய்யா இது?” என்றார் அமுதவல்லி.

“இனிமே எவனும் வந்து கேக்க முடியாதுல்ல?”

மெஷினைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். பொட்டு கொஞ்சம் கோணலாக விழுந்திருந்தது. தோள் துணியின் நுனியால் அதைத் துடைத்துவிட்டு, சந்தனத்தைக் குழைத்து முதலில் அதை வைத்து, அது காயும் வரை ஊதி, நட்ட நடுவில் குங்குமத்தை வைத்தார்.