பெயருக்கு முன்னால் ஒரு சொல்

பெயர் கூப்பிடுவது சுலபமான தொழில் என்று நினைப்பவர்கள் ஒருநாள் எங்கள் கவுண்டரில் வந்து இருந்து பார்க்க வேண்டும். திருகோணமலையில், ஓர்ஸ் ஹில் பக்கம், டொக்டர்மாரிடம் காட்டச் சனம் வந்து நம்பர் எடுக்கும் தனியார் மருத்துவ நிலையம் எங்களுடையது. பெயரை அடிக்க முதல் கொம்பியூட்டர் கேட்கும்: மிஸ்டரா, மிஸிஸா, மிஸ்ஸா, மாஸ்டரா, பேபியா? ஒன்றை அமத்தாவிட்டால் ஓரடி நகராது. என்னைப்போல் கவுண்டருக்குப் பின்னால் இருந்து பேச்சு வாங்குகிறவர்களுக்கு இந்தத் துன்பம் விளங்கும்.

மகன் நித்திரையான பிறகு எழுதுகிறேன். அவனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அந்தப் பெயர் அவனுடைய அப்பாவிடம் இருக்கிறது. அப்பா கப்பலில் வேலை செய்கிறார். கப்பலிலிருந்து இப்போது ஒரு தகவலும் இல்லை.

கந்தையா எழும்பவில்லை

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முன்னுக்கு, சொந்தப் பெயர் பின்னுக்கு. இது கொம்பியூட்டருக்குத் தெரியாது. "மிஸ்டர் கந்தையா" என்று மைக்கில் மூன்று தரம் கூப்பிட்டேன். முன்கதிரையில் ஒருவர் முழங்காலைத் தடவிக்கொண்டு பேப்பர் வாசித்தபடியே இருந்தார். கிட்டப் போய், அவர் கையிலிருந்த நம்பர் துண்டைப் பார்த்தால் கந்தையாவின் நம்பர்தான்.

"ஐயா, நீங்கள்தானே கந்தையா?" என்றேன்.

"பிள்ளை, அது எங்கட அப்பா. அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவு காலம்! அவருக்கு இனி டொக்டர் என்னத்துக்கு? நான் சிவராசா, எனக்குத்தான் முழங்கால் நோ."

வாப்பாவை மாத்த ஏலாது

கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழக்கியபோது சிஸ்டர் தந்த விதி: கலியாணமான பெண் என்றால் மிஸிஸ், அதற்குப் பிறகு கணவரின் பெயர். அதை நம்பி, கிண்ணியாவிலிருந்து கணவரோடு வந்த ஒரு பெண்ணை "மிஸிஸ் நசார்" என்று கூப்பிட்டேன். பதறி எழும்பியது நசார்தான். அவரை இழுத்து இருத்திவிட்டு, அந்தப் பெண் அடையாள அட்டையோடு என்னிடம் வந்தார். அதில் அவருடைய பெயரோடு இருந்தது தகப்பனின் பெயர்.

"நான் இவர முடிச்சது உண்மதான் மகள். அதுக்காக வாப்பாவ மாத்த ஏலுமா?"

மிஸ்

எட்டு மாத வயிற்றோடு இருந்தபோதும் எல்லாருக்கும் நான் "மிஸ்"தான். தன் தாயாரை டொக்டரிடம் கூட்டிவரும் ஓட்டோக்காரத் தம்பியிடம் ஒருநாள், "தம்பி, நான் மிஸிஸ்" என்றேன். அவன் சொன்ன பதிலுக்கு அன்றைக்கு நன்றாகச் சிரித்தேன்:

"மிஸிஸ் எண்டால் உங்கட மனுசனையும் சேர்த்துக் கூப்பிடுற மாதிரியெல்லோ? அவர் இஞ்ச இல்லையே, மிஸ்."

லேட்

இது நடந்தபோது என்னவர் கிழமைக்கு ஒருக்கால் கப்பலிலிருந்து கதைத்துக்கொண்டிருந்தார். அதனால் பயமில்லாமல் கேட்டுவிட்டேன். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டதற்கு, கட்டைபறிச்சானிலிருந்து வந்த புவனா அக்கா கணவரின் பெயரைச் சொன்னார். அவருடைய போன் நம்பர் கேட்டேன். யுத்தத்துக்குள் காணாமல் போனவர் என்றார். கவுண்டரில் என்னோடு வேலை செய்யும் பரீனா, "அப்ப லேட் எண்டெல்லோ போட வேணும்" என்று என் காதுக்குள் சொன்னாள். இறந்தவரின் பெயருக்கு முன்னால் ஆங்கிலத்தில் போடும் சொல் அது.

"அக்கா, அவருக்கு லேட் என்று போடட்டா?" என்றேன்.

"மிஸ்டர் எண்டே போடுங்கோ தங்கச்சி. அவர் செத்தவர் எண்டு எனக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை."

பேபி

மகன் பிறந்த அன்று என்னவர் போனில் குரல்பதிவு அனுப்பியிருந்தார்: "பேர் யோசிச்சு வச்சிட்டன். முகத்தைப் பார்த்திட்டுச் சொல்லுறன்." படம் அனுப்பினேன். அது இன்னும் போய்ச் சேரவில்லை. அவரைக் கப்பலுக்கு அனுப்பிய கொழும்பு ஏஜென்ட், நான் கேட்கும் ஒவ்வொரு முறையும், "பொறுங்கோ மிஸிஸ், பொறுங்கோ" என்கிறார். முப்பத்தோராம் நாள் வீட்டில் எல்லாரும் கேட்டும் பெயர் வைக்க நான் விடவில்லை. வைத்தால், அவர் வரமாட்டார் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்ற பயம்.

போன கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல். என் கவுண்டருக்கே தூக்கிக்கொண்டு ஓடினேன். பரீனா "பேபி"யை அமத்தினாள். பெயர்க் கட்டத்தில் அவளுடைய கை நின்றது. "என்னடி போட?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றது புவனா அக்கா. யாருக்கும் சொல்லாததையெல்லாம் அவருக்குச் சொல்லிவிட்டேன். அவர் பிள்ளையின் நெற்றியில் கையை வைத்து, எடுக்காமலே சொன்னார்:

"பிள்ளையைக் காக்க வைக்காதேங்கோ தங்கச்சி. காத்துக்கொண்டிருக்கிறது எங்கட வேலை."

நாளைக்கு அந்தக் கட்டத்தில் ஒரு பெயரை அடிக்கப் போகிறேன். பிடிக்காவிட்டால் அந்த மிஸ்டர் கப்பலால் இறங்கி, நேரில் வந்து, என்னோடு சண்டை பிடிக்கட்டும்.