பொடக்காளி மரிக்கொழுந்து

ஆர்.எஸ்.புரத்துப் பூக்கடையில் இன்று மரிக்கொழுந்தைக் கண்டதும் ஒரு கொத்தை வாங்கி மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். போன வருஷம் வந்த காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு எந்த வாசமும் தெரிவதில்லை. இதாவது தெரியும் என்று ஏனோ நம்பியிருந்தேன்.

கிணத்துக்கடவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில், துவைக்கிற கல்லை ஒட்டி அம்மா மரிக்கொழுந்து வைத்திருந்தாள். சாம்பல் பூசியதுபோல் வெளுத்த அந்த இலைகளில் போகவர அவள் சேலை உரசி உரசி, அந்த மூலையும், துணி அடுக்கிய டிரங்குப் பெட்டியும், அதிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு போன என் பள்ளிக்கூடத்துச் சட்டையும் அந்த வாசத்திலேயே கிடந்தன.

"பூக்க உட்டா செடி பட்டுப்போயிருங் கண்ணு, கொழுந்தக் கிள்ளீட்டே இருக்கோணும்" என்பாள். கிள்ளிய கையைக் கழுவாமலே என் முகத்தைத் துடைத்துவிடுவாள்.

அம்மா இறந்தாள். ரோட்டை அகலப்படுத்தியதில் வீடும் பொடக்காளியும் போயின. அப்போதுகூட நான் இவ்வளவு கலங்கவில்லை. ஏதாவது ஒரு பூக்கடையில் ஒரு கொத்தை மோந்தால் போதும், துவைக்கிற கல்லருகே போய் நின்றுவிட்டு வருவேன்.

"வாசம் எப்படீங்க? காத்தால வந்ததுங்க" என்று பூக்கார அம்மா கேட்டார்.

"நல்லா இருக்குதுங்க" என்றேன்.

கொஞ்சதூரம் வந்து, கொத்தைக் கசக்கி முகத்தில் தேய்த்துப் பார்த்தேன். ஈரம் மட்டும் தெரிந்தது.