சந்தனம் வைத்த கார்டு

தக்கலையில் கோலப்பன் நடத்தும் இணைய இணைப்புக் கம்பெனியில் ரெஜிஷா சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. கடியப்பட்டணத்து மீனவர் சிலுவையின் மகள். அதிகம் பேசமாட்டாள். சர்வரை இயக்கினால் திரையில் ஓடும் ஒவ்வொரு வரியையும் படித்து முடித்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுவாள்.

அன்று காலை அவள் படித்தது கோலப்பன் வாட்ஸ்அப்பில் போட்டிருந்த வரி. ‘ரெஜிஷா தேர்வு செய்த நெட்வொர்க் கார்டு பழுது. அதனால்தான் மாலையில் வேகம் குறைகிறது. வருந்துகிறோம்.’ எழுநூறு வாடிக்கையாளர்கள் உள்ள குழு. அவளுடைய சித்தப்பாவும் அதில் உண்டு.

காது மடல் வரை சுட்டது. நாலு கடை விசாரித்து அவள் வாங்கிய கார்டு. அவள் கையால் சர்வரில் பொருத்தியது.

சர்வரின் பழைய பதிவுகளைத் திறந்தாள். ஒவ்வொரு முறை சர்வர் எழும்போதும் கார்டின் டிரைவர் மென்பொருள் ஒரு வரி எழுதி வைக்கும்: தான் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மதர்போர்டு தனக்கு எவ்வளவு பாதை விடுகிறது என்று. பொருத்திய நாளில் நொடிக்கு முப்பத்திரண்டு ஜிகாபிட். ஆயுத பூசைக்கு மறுநாள் வெறும் நாலு. ‘என்னால் முப்பத்திரண்டு முடியும், இந்த இடம்தான் தடுக்கிறது’ என்ற பொருளில் பக்கத்திலேயே குறிப்பும் இருந்தது. அன்று சர்வரை எழுப்பியவர் கோலப்பன். அப்போது அவளை மூன்று வாரம் மண்டைக்காட்டுப் பக்கம் கேபிள் இழுக்க அனுப்பியிருந்தார்.

ரெஜிஷா சர்வரை நிறுத்தி, பெட்டியைத் திறந்து, கார்டைக் கழற்றினாள். கோலப்பன் ஓடிவந்தார்.

“பிள்ளே, எல்லாருக்க நெட்டும் போச்சு. என்னத்தச் செய்யுத?”

“பூசைக்கு இத யாரு கழத்துனது?”

“நாந்தான். தொடச்சு, சந்தனம் வச்சு, திரும்ப மாட்டுனேன். அதுக்கென்ன?”

“எங்க மாட்டுனிய?”

“நீளமா ஒரு ஓட்ட கெடந்து. பொருந்திச்சுல்லா.”

“ரெண்டு ஓட்டையும் ஒரே நீளம். நான் மாட்டுனதுல எட்டு வழி. நீங்க மாட்டுனதுல ஒண்ணே ஒண்ணு, சாயங்காலம் எல்லாரும் வந்தா நெருக்கும். கார்டு அன்னைக்கே எழுதி வச்சிருக்கு. படிச்சியளா?”

“அத எவன் படிப்பான்?”

“எனக்க பேர எழுத மட்டும் தெரிஞ்சுது.”

மேசையில் மூன்று போன்கள் ஒன்றாக அடித்தன. கோலப்பன் குரலைத் தாழ்த்தினார். “செரி மக்கா, மாத்திப் போடு. சாயங்காலம் பேசுவோம்.”

அவள் கார்டை மடியில் வைத்துக்கொண்டாள். ஓரத்தில் காய்ந்த சந்தனம் ஒட்டியிருந்தது. “மொதல்ல குரூப்புல போடுங்க.”

அவர் முனகிக்கொண்டே தட்டி, போனை நீட்டினார். ‘தவறு எங்களுடையது.’

“எங்களுடையதா? இதுல நான் எங்க வந்தேன்?”

“ஊரே கத்துகு பிள்ளே.”

“கத்தட்டு. எனக்க பேரப் போட்டதுபோல உங்க பேரையும் போடுங்க.”

கோலப்பன் அழித்துவிட்டு மீண்டும் தட்டினார். ‘கார்டில் பழுது இல்லை. இடம் மாற்றி மாட்டியது நான். கோலப்பன்.’ அவள் பையிலிருந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் படித்தாள். பிறகே கார்டைப் பழைய இடத்தில் அழுத்தி, திருகாணியை முடுக்கினாள்.

சர்வர் எழுந்தது. வரிகள் ஓடி நின்றன.

“செரியாச்சா?” என்றார் கோலப்பன்.

ரெஜிஷா திரையை அவர் பக்கம் திருப்பினாள். “படிங்க.”